இலக்கங்களின் நீளமும் இடப்பக்கத்துப் பூஜ்யமும்

சித்தூர் நகரத்துக்குச் செல்லும் கடிதத்தின் உறையில் 517001 என்னும் தபால் எண் காணப்படும். சந்திரகிரிக்குச் செல்வதில் 517101 என்றும், திருப்பதிக்குச் செல்வதில் 517501 என்றும், திருமலைக்குச் செல்வதில் 517504 என்றும் இருக்கும். இந்தியத் தபால் இலாகா 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆறு இலக்க முறை இது. முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரித்தனுப்பும் பகுதியைக் குறிக்கின்றன. கடைசி மூன்றும் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தைக் குறிக்கின்றன. 517 என்பது பழைய சித்தூர் மாவட்டப் பகுதியின் எண். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமாக அமைந்த பின்னரும், இந்த இரு நகரங்களின் தபால் எண்களும் 517 என்றே தொடங்குகின்றன.

சித்தூரின் எண்ணில் நடுவே இரண்டு பூஜ்யங்கள் நிற்பதை வாசகர் கவனிக்கலாம். நிலையத்தின் எண் 1 மட்டுமே. ஆயினும் அது 001 என எழுதப்படுகிறது. மதிப்பை நோக்கினால் அவ்விரு பூஜ்யங்களும் வேண்டாதவை. ஆனால் அவற்றை நீக்கிவிட்டால் 5171 என்னும் நான்கு இலக்கமே எஞ்சும். அது எந்த ஊரின் தபால் எண்ணும் அன்று. கம்ப்யூட்டர் ஒன்று 517-ஐயும் 1-ஐயும் எண்களாகக் கருதிக் கூட்டிவிட்டாலோ, விடை 518 ஆகும். 518 என்பது கர்நூல் பகுதிக்குரிய தொடக்கம்! எழுத்தாக நிற்க வேண்டிய இலக்கம் எண்ணாக மாறியதால் விளையும் பிழை இத்தகையது.

இவ்வாறு குறைந்து நிற்கும் ஒரு தொடரைக் குறித்த நீளத்துக்குக் கொண்டுவரும் முறையையும், ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கம்ப்யூட்டர் மொழியில் அதற்குள்ள வசதிகளையும், அதனைக் கையாளும்போது நேரக்கூடிய தவறுகளையும் இக்கட்டுரை விளக்கும்.

எண்ணும் எழுத்துத் தொடரும்

கம்ப்யூட்டர் மொழிகளில் எண் வேறு, எழுத்துத் தொடர் வேறு. எண் என்பது அளவு. அதனைக் கூட்டலாம், கழிக்கலாம். எழுத்துத் தொடர் என்பது அடையாளம். அதில் ஒவ்வொரு குறியும் தன் இடத்தில் நிற்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்படுவது எழுத்துத் தொடர்; குறிகளின்றி எழுதப்படும் இலக்கம் எண். ஆகவே "001" என்பதில் மூன்று குறிகள் உள்ளன. அதனை எண்ணாக மாற்றினால் 1 மட்டுமே எஞ்சும். பூஜ்யங்கள் இரண்டும் மறைந்துபோகும்.

மேற்கோள் குறி இன்றி எழுதுவதில் மற்றோர் இடரும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் பழைய வழக்கப்படி, பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ணாகக் கருதப்படும். 010 என எழுதினால் அது பத்து அன்று, எட்டு. கண்டிப்பு முறையில் இயங்கும் கட்டளைத் தொடரிலோ அவ்வாறு எழுதுவதே பிழையென நிராகரிக்கப்படும். ஆதலின் தபால் எண், டெலிபோன் எண், ரயில் வண்டி எண், வங்கிக் கணக்கு எண் ஆகிய யாவும் பெயரளவில் எண்களாயினும், கம்ப்யூட்டரில் எழுத்துத் தொடர்களாகவே காக்கப்பட வேண்டியவை. இரண்டு தபால் எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் எழுவதில்லை அல்லவா?

நிரப்பும் இரண்டு கட்டளைகள்

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இலக்கணத்தை வகுக்கும் எக்மாஸ்கிரிப்ட் தரநூலின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கென இரண்டு கட்டளைகள் சேர்க்கப்பட்டன. தொடரின் முன்புறத்தில் நிரப்புவது பேட்ஸ்டார்ட். பின்புறத்தில் நிரப்புவது பேட்எண்ட். கம்ப்யூட்டரில் எழுதும்போது இவை ரோமன் எழுத்தில், இடைவெளியின்றி, இரண்டாவது சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்தாக அமையும். இரண்டு கட்டளைகளும் இரு விவரங்களைக் கேட்கின்றன. முதலாவது, தொடர் அடைய வேண்டிய முழு நீளம். இரண்டாவது, நிரப்புவதற்குரிய குறி. இரண்டாவது விவரத்தைத் தராவிட்டால் வெற்றிடமே நிரப்பப்படும்.

சித்தூர் நிலையத்தின் எண்ணை மூன்று இலக்கமாக்கும் வரி இது:

ஸ்ட்ரிங்(1).பேட்ஸ்டார்ட்(3, "0")

இதன் விடை "001". இங்கே ஸ்ட்ரிங் என்பது எண்ணை எழுத்துத் தொடராக மாற்றும் கட்டளை. பேட்ஸ்டார்ட் எழுத்துத் தொடருக்கே உரியது. எண்ணின்மீது அதனை நேராக ஏவினால் வேலை நடவாது. ஆகவே மாற்றுதல் முதலிலும் நிரப்புதல் பின்னரும் வரவேண்டும். கிடைத்த விடையை "517" என்னும் தொடருடன் இணைத்தால் "517001" கிடைக்கும்.

இக்கட்டளைகளின் இயல்பில் நான்கு செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது: மூலத் தொடர் மாறுவதில்லை, நிரப்பப்பட்ட புதிய தொடர் ஒன்றே விடையாகக் கிடைக்கும். அதனை ஒரு பெயரிட்டு ஏற்றுக்கொள்ளாவிட்டால் செய்த வேலை வீணாகும்.

இரண்டாவது: தொடர் ஏற்கெனவே குறித்த நீளத்துக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால், அது அப்படியே திரும்பி வரும், எதுவும் வெட்டப்படாது.

மூன்றாவது: நிரப்பும் குறி ஒன்றுக்கு மேற்பட்டதாயின், அது திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, இடம் போதாதபோது கடைசியில் குறைக்கப்படும். "7" என்னும் தொடரை "12" கொண்டு ஆறு குறிகளாக்கினால் விடை "121217".

நான்காவது: கட்டளைக்குக் குறிகளின் எண்ணிக்கை மட்டுமே தெரியும், அவற்றின் பொருள் தெரியாது. "-5" என்பதைப் பூஜ்யத்தால் மூன்று குறிகளாக்கினால் "-05" கிடைக்காது. "0-5" என்றே வரும். கழித்தற் குறியைத் தனியே எடுத்து வைத்து, இலக்கத்தை மட்டும் நிரப்பிப் பின்னர் சேர்ப்பதே முறை.

வரிசைப்படுத்தலில் பூஜ்யத்தின் உதவி

நீளம் சமமாக இருப்பது அழகுக்காக மட்டும் அன்று. எழுத்துத் தொடர்களைக் கம்ப்யூட்டர் அகராதி முறையில் ஒப்பிடுகிறது. அதாவது, முதற் குறியை முதற் குறியுடன் ஒப்பிட்டு, அங்கே வேற்றுமை இருந்தால் அத்துடன் முடிவு செய்துவிடுகிறது.

திருப்பதி மாவட்டத்தில் இப்பொழுது அடங்கியுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி பிற்பகல் 2 மணி 35 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 ஏவப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி காலை 9 மணி 10 நிமிடத்துக்கு எக்ஸ்போசாட் என்னும் ஆராய்ச்சித் துணைக்கோள் ஏவப்பட்டது. நாளை விடுத்து நேரத்தை மட்டும் 24 மணிக் கணக்கில் "14:35" என்றும் "9:10" என்றும் எழுதி, காலையில் ஏவப்பட்டது முதலில் வருமாறு அடுக்க விரும்பினால், முடிவு தலைகீழாகும். முதற் குறிகளான 1-உம் 9-உம் ஒப்பிடப்பட்டு, 1 சிறியது என்பதால் பிற்பகலுக்குரியது முன்னே நிற்கும். மணியை இரண்டு குறிகளாக நிரப்பி "09:10" என எழுதினாலோ, 0-உம் 1-உம் ஒப்பிடப்பட்டுக் காலை நேரம் தனக்குரிய முதலிடத்தைப் பெறும்.

தேதிக்கும் இது பொருந்தும். ஆண்டை நான்கு இலக்கத்திலும், மாதத்தையும் நாளையும் இவ்விரண்டு இலக்கத்திலும் முறையே எழுதி "2023-07-14", "2024-01-01" என வைத்துக்கொண்டால், அகராதி வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் எண்களை அடுக்கும்போதுகூட, ஒப்பிடும் முறையை எழுதித் தராவிட்டால், அவை எழுத்துத் தொடர்களாகவே ஒப்பிடப்படும். 9, 10, 1 என்பவை 1, 10, 9 என்று அடுக்கப்படுவதைக் கண்டு புதிதாகப் பயில்வோர் திகைப்பதற்குக் காரணம் இதுவே.

பழைய முறையும் அதன் குறையும்

2017-க்கு முன்னர் இவ்வேலையை ஒவ்வொருவரும் தத்தம் முறையில் செய்துவந்தனர். எண்ணின் முன்னே "000" என்பதைச் சேர்த்து, ஸ்லைஸ் என்னும் கட்டளையால் கடைசி மூன்று குறிகளை மட்டும் அறுத்தெடுப்பது பரவலான வழக்கம். 1 என்பது "0001" ஆகி, பின் "001" ஆகும். விடை சரியே. ஆனால் தட்டெழுதுவோரின் கை தவறி 1501 என்று பதிவாகியிருந்தால் என்ன நேரும்? "0001501" என்பதன் கடைசி மூன்று குறிகள் "501". சித்தூர்ப் பகுதியில் எங்கோ செல்ல வேண்டிய கடிதம் எவ்வித எச்சரிக்கையுமின்றித் திருப்பதிக்கு அனுப்பப்படும். பேட்ஸ்டார்ட் இந்நிலையில் "1501" என்பதையே திருப்பித் தரும். முழுத் தொடர் ஏழு இலக்கமாகி, பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெட்டாமல் விடுவது குறைபாடு போலத் தோன்றினும், உண்மையில் அது ஒரு பாதுகாப்பு.

வேறு சிலர், பிறர் எழுதிப் பொதுவில் வைத்த சிறு கட்டளைத் தொடர்களை எடுத்து உபயோகித்தனர். அவற்றுள் ஒன்று லெஃப்ட்-பேட் என்பது. மொத்தம் பதினொரு வரிகளே உடையது. 2016-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி, ஒரு பெயருரிமைத் தகராற்றின் காரணமாக, அதனை இயற்றிய அஸெர் கொச்சுலு என்பவர் தம்முடைய ஆக்கங்களை என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொண்டார். உடனே அதனை நேராகவும் சுற்றுவழியாகவும் சார்ந்திருந்த எண்ணற்ற கட்டளைத் தொகுப்புகளை உலகெங்கும் நிறுவ முடியாமற் போயிற்று. பேபல், ரியாக்ட் போன்ற பெயர்பெற்றவையும் தப்பவில்லை. களஞ்சியத்தார் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அதனை மீண்டும் வைத்து நிலைமையைச் சீர்செய்தனர். இடப்பக்கத்தில் சில பூஜ்யங்களை வைக்கும் மிகச் சிறிய வேலையை எத்தனை பேர் நம்பியிருந்தனர் என்பதை அன்றுதான் பலரும் உணர்ந்தனர். நிரப்பும் கட்டளையை மொழியிலேயே சேர்ப்பதற்கான முன்மொழிவு அந்நிகழ்ச்சிக்கு முன்பே பரிசீலனையில் இருந்தது. மறு ஆண்டில் அது தரநூலில் இடம்பெற்றது.

பூஜ்யங்கள் யாவும் ஒன்றல்ல

நிரப்பும் வழியை அறிந்தவுடன் குறைந்த இடங்களிலெல்லாம் பூஜ்யம் வைக்கத் தோன்றும். அது ஆபத்தானது. ஒரே வடிவமுடைய பூஜ்யம் இடத்துக்கேற்ப வெவ்வேறு வேலை செய்கிறது என்பதற்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலேயே மூன்று எடுத்துக்காட்டுகள் உள்ளன.

517001 என்பதில் உள்ளவை இடத்தைக் காக்கும் பூஜ்யங்கள். அவற்றுக்குத் தனிப் பொருள் இல்லை. நிலையத்தின் எண் மூன்று இலக்கமுடையதாக இருக்க வேண்டும் என்னும் விதியை நிறைவேற்றுகின்றன. இவற்றை இழந்தால் பேட்ஸ்டார்ட் கொண்டு மீட்கலாம்.

டெலிபோன் எண்ணின் முதலில் நிற்பது ஏவல் பூஜ்யம். வெளியூரிலிருந்து தரைவழி டெலிபோனில் பேசுவதற்குத் திருப்பதியின் எண் 0877. சித்தூரின் எண் 08572. இங்கே முதற் பூஜ்யம் "இது வெளியூர் அழைப்பு" என இணைப்பகத்துக்குச் சொல்லும் ஏவல். அயல்நாட்டிலிருந்து அழைப்போர் 91 என்னும் இந்தியாவின் எண்ணுக்குப் பின் அதனை விட்டுவிட்டு 877 என்றே தொடர்வர். மேலும், இவ்விரு எண்களின் நீளமும் இயல்பிலேயே வெவ்வேறு. பட்டியல் சீராக இருக்கட்டும் என்று திருப்பதியின் எண்ணையும் ஐந்து இலக்கமாக நிரப்பினால் 00877 ஆகும். இரண்டு பூஜ்யங்களில் தொடங்குவது இந்தியாவிலிருந்து அயல்நாட்டை அழைக்கும் முறை! அடுத்த ஊருக்குப் பேச வேண்டியவர் அயல்நாட்டை நாட நேரிடும்.

ரயில் வண்டி எண்ணில் நிற்பது வகையைக் காட்டும் பூஜ்யம். இந்திய ரயில்வே 2010-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி முதல் நான்கு இலக்க வண்டி எண்களை ஐந்து இலக்கமாக்கியது. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சப்தகிரி எக்ஸ்பிரஸின் எண் 6057 என்பதிலிருந்து 16057 ஆயிற்று. நீளத்தை நிறைவு செய்ய முன்னே வைக்கப்பட்டது பூஜ்யம் அன்று, ஒன்று. ஏனெனில் புதிய முறையில் முதல் இலக்கம் வண்டியின் வகையைச் சொல்கிறது. நெடுந்தூர வண்டிகளுக்கு 1 அல்லது 2, தனிச் சிறப்பு வண்டிகளுக்கு 0. கொரோனா நோய்ப் பரவலின்போது 2020-இல் வண்டிகள் சிறப்பு வண்டிகளாக மீண்டும் ஓடத் தொடங்கியபோது முதல் இலக்கம் பூஜ்யமாயிற்று. வழக்கமான எண்கள் 2021 நவம்பரில் திரும்பின. ஆகவே, பழைய பட்டியலில் 6057 என்று காண்பதை வழக்கம்போல் பூஜ்யத்தால் நிரப்பினால், நீளம் சரியாகும்; பொருள் பிழையாகும். வழக்கமான வண்டி ஒன்று பட்டியலில் சிறப்பு வண்டியின் எண்ணைப் பெற்றுவிடும்.

இவற்றால் பெறப்படும் பாடம் ஒன்றே. நிரப்புதல் என்பது, இன்ன குறி இங்கே இருந்தது, அது நீங்கிவிட்டது என்று உறுதியாக அறிந்தபின் அதனை மீட்கும் செயல். அறியாததை மறைக்கும் செயல் அன்று. 517001 என்பதில் ஒரு பூஜ்யம் விடுபட்டு "51701" எனப் பதிவானதாகக் கொள்வோம். முன்புறம் நிரப்பினால் "051701"; பின்புறம் நிரப்பினால் "517010". முன்னது பூஜ்யத்தில் தொடங்குவதால், அத்தகைய தபால் எண் இந்தியாவில் இல்லை என்று உடனே கண்டுபிடிக்கலாம். பின்னதோ மெய்யான தபால் எண்ணின் தோற்றம் முழுவதையும் பெற்றுவிடுகிறது. ஐந்து இலக்கமாக நின்ற பிழையைக் கண்டோர் திருத்தியிருப்பர். ஆறு இலக்கமாகிவிட்ட பிழையை எவரும் ஐயுறமாட்டார்கள். அத்தகைய பட்டியலை நம்பித் தபாலில் வர வேண்டிய கடிதத்துக்காகக் காத்திருப்பவர், அது ஏன் வரவில்லை என்பதை அறியவே வழியிராது.

தமிழ் எழுத்தும் நீளக் கணக்கும்

இலக்கங்களை விட்டு ஊர்ப்பெயர்களுக்கு வந்தால் மற்றொரு நுட்பம் எதிர்ப்படுகிறது. சித்தூர், திருமலை ஆகிய இரு பெயர்களும் தமிழ்க் கணக்கில் நந்நான்கு எழுத்துகள் உடையவை. இவற்றைப் பேட்எண்ட் கட்டளையால், புள்ளியைக் குறியாகக் கொண்டு, பன்னிரண்டாக நிரப்பினால், சித்தூரின் பின்னே நான்கு புள்ளிகளும் திருமலையின் பின்னே ஐந்து புள்ளிகளும் வருகின்றன. சமமான இரு பெயர்கள் சமமற்றுப் போவது ஏன்?

கம்ப்யூட்டர் எண்ணுவது எழுத்தை அன்று. எழுத்தை ஆக்கும் குறியீட்டு அலகுகளை. யூனிக்கோடு முறையில் "சி" என்பது சகரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு அலகுகள். "த்" என்பது தகரமும் புள்ளியும். "தூ", "ர்" ஆகியவையும் அவ்வாறே. எனவே சித்தூர் எட்டு அலகுகள். திருமலையில் "தி", "ரு", "லை" ஆகிய மூன்றும் இவ்விரண்டு அலகுகள். மகரம் மட்டும் ஒன்று. ஆக ஏழு. திருப்பதி ஐந்தெழுத்தாயினும் ஒன்பது அலகுகள் கொண்டது.

எழுத்துக் கணக்கிலேயே நிரப்ப வேண்டுமாயின், இன்டல்.செக்மென்டர் என்னும் கருவியால் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து எண்ணி, வேண்டிய நீளத்திலிருந்து அத்தொகையைக் கழித்து, மிகுந்த அளவுக்கு நிரப்புக் குறியைப் பின்னே சேர்க்கலாம். அதன் பின்னரும் தமிழில் "லை" அகன்றும் "ர" ஒடுங்கியும் இருப்பதால், திரையில் நிரல்கள் நேர்கோட்டில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. கண்ணுக்கு நேராக நிற்க வேண்டிய பட்டியலுக்கு அட்டவணை அமைப்பே தக்கது. கம்ப்யூட்டர் படிக்க வேண்டிய சம நீளப் பதிவுகளுக்கே நிரப்புதல் தக்கது.

நிரப்புமுன் கேட்க வேண்டிய வினாக்கள்

இக்கட்டளைகளை எழுதுவோர் ஐந்து வினாக்களைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளல் நலம். இது அளவா, அடையாளமா? குறித்த நீளம் விதியால் அமைந்ததா, பழக்கத்தால் தோன்றியதா? விடுபட்ட குறி இன்னதென்று உறுதியாகத் தெரியுமா? அது விடுபட்டது முன்புறத்திலா, வேறிடத்திலா? நீளம் மிகுந்த தொடர் வந்தால் அதனைத் தடுத்து நிறுத்த ஏற்பாடு உண்டா? இவ்வைந்துக்கும் விடை கிடைத்த பின்னர் எழுதப்படும் ஒரு வரி, பல பக்கத் திருத்தங்களை மிச்சப்படுத்தும்.

பயிற்சி

1. ஸ்ட்ரிங்(64).பேட்ஸ்டார்ட்(3, "0") என்பதன் விடை யாது?

2. ஆந்திரப் பிரதேசம் முழுவதற்கும் 39 என்னும் ஒரே வாகன எண் 2019-இல் வருமுன், சித்தூர் மாவட்ட வாகனங்கள் 03 என்னும் எண்ணைத் தாங்கின. ஒரு பட்டியலில் அது 3 என்று மட்டும் பதிவாகியுள்ளது. அதனை மீட்கும் வரியை எழுதுக.

3. "0877" என்பதை ஐந்து குறிகளாக நிரப்பலாமா? காரணம் கூறுக.

விடைகள்: 1. "064". 2. ஸ்ட்ரிங்(3).பேட்ஸ்டார்ட்(2, "0"). 3. கூடாது, அதன் நீளம் குறைந்ததன்று, அதற்குரியதே அவ்வளவு.